பிரிண்டருக்கு நான் போட்ட தரம்

போன வருஷம் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு ஐந்து வாரம் இருந்தபோது நடந்தது இது. குழித்துறைக்கு வடக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் ஊர். எனக்கு எழுபது கழிந்துவிட்டது. என் பெயரை எழுதுவேன், ஒன்றிலிருந்து நூறு வரை எழுதுவேன், பைபிளை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் படிப்பில்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதினாள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லி, அவள் அழகுக்குச் சேர்த்ததை எல்லாம் எடுக்க வைத்தேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்று உண்டு. ரப்பர் ஷீட்டுக்குத் தரம் சொல்லுவது. மரத்துப் பாலை உறைய வைத்து, மெஷினில் உருட்டி, நாலைந்து நாள் புகையில் தொங்கவிட்டால் ஷீட் தேன் நிறத்தில் வரும். அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். வெளிச்சம் ஊடே வரும்போது தூசி இருந்தால் தெரியும், குமிழ் இருந்தால் தெரியும், புகை பிடிக்காத இடம் இருந்தால் அதுவும் தெரியும். ஒன்றாம் தரமா மூன்றாம் தரமா என்று அங்கேயே சொல்லிவிடலாம். நாற்பது வருஷம் அந்த ஜன்னலடியில் நின்றிருக்கிறேன். நான் ஒன்று என்று போட்ட ஷீட்டுக் கட்டை எந்த வியாபாரியும் அவிழ்த்துப் பார்த்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்லுகிறேன்.

இனி மருமகளைப் பற்றி. அவள் எட்டு வருஷம் வளைகுடாவில் நர்சாக இருந்தாள். மகன் இன்னும் அங்கேதான். அவள் திரும்பி வந்தபோது நகை கொண்டு வருவாள் என்று பார்த்தேன். ஒரு கேமரா கொண்டு வந்தாள். சரி, அது அவள் சம்பாத்தியம். ஆனால் அவள் எடுக்கிற படம் எல்லாம் கறுப்பு வெள்ளை. அது எனக்குப் பிடிபடவில்லை.

"கலரு வந்து எத்தன காலமாச்சு மக்களே, எதுக்கு இந்தக் கறுப்பும் வெள்ளையும்?" என்று ஒரு நாள் அவளிடம் கேட்டேன்.

"கலர்னா எல்லாரும் சேலைய பாப்பாவ மாமி. இதுன்னா மொகத்த பாப்பாவ" என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிடித்தது என்று அவளிடம் சொல்லவில்லை.

ஷீட் அடிக்கிற இடத்துக்கு அவள் மாதக் கணக்கில் வந்து, அங்கே வேலை செய்கிற பெண்களை ஒவ்வொருவராகப் படம் எடுத்தாள். வேலையை விட்ட பிறகும் நான் அங்கே போய் உட்காருவது உண்டு, அதனால் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். போதகரின் மனைவி அதைக் கேள்விப்பட்டு, பண்டிகைக்குச் சபை மண்டபத்தில் அந்தப் படங்களை மாட்டலாமா என்று கேட்டார்கள். அறுப்பின் பண்டிகைக்கு வாழைக்குலை, தேங்காய், கோழி என்று அவரவர் முதல் விளைச்சலைக் கொண்டு வைப்பது எங்கள் வழக்கம். நான் ஒவ்வொரு வருஷமும் ஒன்றாம் தரத்தில் ஒரு ஷீட் வைப்பேன். அந்த வருஷம் என் வீட்டிலிருந்து படமும் போகிறது என்றதும் எனக்குள்ளே ஒரு நிமிர்வு வந்தது.

மருமகள் படங்களை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக அடித்துக்கொண்டு வந்தாள். ஷீட் மெஷின் பக்கத்தில் வைத்துப் பெண்களுக்குக் காட்டினாள். எங்கள் எல்லார் முகமும் ஒரே கறுப்பு. பல்லும் கண்ணின் வெள்ளையும் மட்டும் வெளியே தெரிந்தன.

என் சினேகிதி ஒருத்தி உண்டு. முப்பது வருஷம் எனக்குப் பக்கத்தில் நின்று மெஷின் சுற்றினவள். வாயைத் திறந்தால் யாரையும் விடமாட்டாள். அவள் தன் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இது நானா, எங்க வீட்டு அடுப்புல கெடக்க சட்டியா?"

மருமகள் முகம் வாடிப்போனது. இன்னொரு ஸ்டூடியோவுக்குக் கொண்டு போனாள். அவர்கள் எல்லாரையும் வெளுக்க வைத்துக் கொடுத்துவிட்டார்கள். சினேகிதியின் இடது கண்ணுக்குக் கீழே பால் வெட்டும் கத்தி பட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. முதல் படத்தில் அது கறுப்புக்குள் முங்கிப்போனது. இரண்டாவது படத்தில் மாவு பூசினதுபோல் மறைந்துபோனது.

"இத எங்க வீட்டுக்காரருட்ட காட்டினா, ஆரு வீட்டுப் பொம்பளன்னு கேப்பாரு" என்றாள் சினேகிதி. பிறகு மெதுவாக, "மோளே, நீ வருத்தப்படாத. ஆனா இப்பிடின்னா எங்க மொகத்த மாட்டண்டாம்" என்றாள். மற்ற பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அன்று முழுவதும் மருமகள் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னாள். "படத்துல கொறயில்ல மாமி. அடிக்கதுலதான் கொற. கடைக்காரங்க கலருக்குன்னு வச்சிருக்க மெஷின்ல அடிக்காங்க. வீட்டுல ஒரு பிரிண்டர் இருந்தா சரியா வாற வரைக்கும் நானே அடிப்பேன்."

அவள் கையில் இருந்த பணம் ஒரு பிரிண்டருக்குத்தான் காணும். தப்பான ஒன்றை வாங்கிவிட்டால் இந்தப் பண்டிகை போகும். அதைவிடப் பெரிது, இந்தப் பெண்கள் இனி அவள் கேமராவுக்கு முன்னால் உட்கார மாட்டார்கள். அவளுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும்.

"நானும் வாறேன். தரம் பாக்கதுக்கு எனக்குத் தெரியும்" என்றேன்.

கோட்டாறில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நடுவயது, பொறுமையான மனிதர். வீட்டில் வைக்கிற மாதிரி மூன்று பிரிண்டர்களைக் காட்டினார். சினேகிதியின் படத்தை மூன்றிலும் அடித்துக் காட்டச் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் அடித்தார். அடித்த படம் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதித் தந்தார்.

நான் மூன்றையும் வாங்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தேன். முதலாவதைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தேன். அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரிந்தது. இரண்டாவதைப் பிடித்தேன். வெளிச்சம் ஒரே சீராக ஊடே வந்தது, முகம் விளக்கு ஏற்றினதுபோல் இருந்தது. மூன்றாவதைப் பிடித்தேன். தாள் தடியாக இருந்தது, வெளிச்சமே வரவில்லை.

"ரெண்டாவதுதான். ஒண்ணாந்தரம்" என்றேன்.

பின்னாலேயே வந்த கடைக்காரர், "அம்மா, அத அப்பிடி பாக்கதுல்ல..." என்று தொடங்கினார்.

"தம்பி, நாப்பது வருசம் பாத்த கண்ணு இது" என்றேன்.

மருமகள் மூன்றாவது படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கேட்கவில்லை. தரம் சொல்லுகிற இடத்தில் நான் இன்னொருத்தரிடம் கேட்டுப் பழகினவள் இல்லை.

இரண்டாவதை எடுத்து வைக்கச் சொன்னோம். கடைக்காரர் மூன்று படங்களையும் உறையில் போட்டுத் தந்தார். மருமகளிடம் மட்டும், "மூணாவது மெஷின் ஒண்ணுதான் மிச்சம் நிக்குது. வேற ஒருத்தரு கேட்டிருக்காரு, நாளக்கழிச்சு வருவாரு. நெனப்பு மாறினா அதுக்கு முன்ன சொல்லுங்க" என்றார். என் காதில் விழுந்தது. விழாததுபோல் நடந்தேன். பஸ்ஸில் மருமகள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் சினேகிதி மரச்சீனிக் கிழங்கு கொண்டு வந்தாள். அவளை உட்கார வைத்து, நான் தரம் பார்த்த விதத்தை விவரமாகச் சொன்னேன். இரண்டாவது படத்தை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, "பாத்தியா, ஒம் மொகம் எப்பிடி வெளங்குதுன்னு" என்றேன்.

அவள் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஏட்டி, இத சபைல எங்க மாட்டுவாவ?"

"செவருல."

"செவருக்குப் பொறத்த சூரியன கொண்டு வச்சிருக்காவளா?"

நான் தூக்கின கையோடு நின்றுவிட்டேன்.

அவள் அதோடு விடவில்லை. என் கையிலிருந்து படத்தை வாங்கி, மற்ற இரண்டையும் எடுத்து, அலமாரித் தட்டில் சுவரோடு சாய்த்து வைத்தாள். சுவரைப் பார்த்து நின்றோம். ஜன்னல் வெளிச்சம் முன்னாலிருந்து படத்தின் மேல் விழுந்தது. விளக்கு ஏற்றினதுபோல் இருந்த இரண்டாவது படம் மங்கி, பாசி படிந்த கல் மாதிரி ஒரு பச்சை ஓட்டத்தோடு இருந்தது. சினேகிதி மூன்றாவது படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். தன் கண்ணுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, படத்தில் அதே இடத்தைத் தேடினாள்.

"எந் தழும்பு இங்கதான் இருக்கு" என்றாள்.

அவள் போய்விட்டாள். ஒருத்தி சொன்னாள் என்பதற்காக நான் தரத்தை மாற்றுகிறவள் இல்லை. அதனால் அன்று பகல் முழுவதும் அந்த அலமாரியைச் சுற்றியே நடந்தேன். உச்சிவேளையில் பார்த்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தபோது பார்த்தேன். சாயங்காலம் டியூப் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். பகலில் பச்சையாக இருந்த முதல் படம் டியூப் லைட்டில் சிவப்படித்தது. இரண்டாவதும் அப்படியேதான், கொஞ்சம் குறைவு. மூன்றாவது காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு மனுஷி நேரத்துக்கு ஒரு நிறம் ஆகிறாளா?

பிறகு கறுப்பைப் பார்த்தேன். மூன்றாவது படத்தில் அவள் தலைமுடி ஒரு கறுப்பு, பின்னால் புகை பிடித்த கதவு ஒரு கறுப்பு, கன்னம் வேறொரு கறுப்பு, அந்தக் கன்னத்திலேயே வெளிச்சம் பட்ட இடமும் படாத இடமும் வேறு வேறு. மற்ற இரண்டிலும் முடி எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது வருஷம் பக்கத்தில் நின்றவளின் முகத்தில் இத்தனை நிறம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஷீட்டுக்கு வெளிச்சம் பின்னால் வேண்டும். படத்துக்கு முன்னால் வேண்டும். சின்னப் பிள்ளைக்குத் தெரிகிற சங்கதி. என் கை நாற்பது வருஷப் பழக்கத்தில் தானாகத் தூக்கிவிட்டது, நான் அதை அறிவு என்று நினைத்துக்கொண்டேன்.

தப்பு தெரிந்த பிறகும் அதைச் சொல்லுவது எனக்கு லேசாக இல்லை. மருமகள் அடுக்களையில் குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் போய் நின்றேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். மிக்சி சத்தம் நின்றது.

"மக்களே, நான் போட்ட தரம் தப்பு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தப்பு என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மூணாவதுதான் ஒண்ணாந்தரம். நாளைக்கு வெளுப்பாங்காலமே போவணும்" என்றேன்.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும் மாமி."

"சொன்னா நான் கேட்டிருப்பேனா?"

"கேட்டிருக்க மாட்டிய" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றோம். கடைக்காரர் எங்களைக் கண்டதும் புரிந்துகொண்டார். ஆனால் நேராக வாங்கிவிட நான் விடவில்லை. வரும் வழியில் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்திருந்தது. அன்று அவர் மூன்றாவது படத்தை மட்டும் தடித் தாளில் அடித்தார். நன்றாக இருந்தது மெஷினா, தாளா? ஒரே புகையில் கிடந்த ஷீட்டைத்தான் ஒன்றோடு ஒன்று வைத்துத் தரம் பார்க்கலாம்.

"தம்பி, மூணுலயும் ஒரே தாளுல அடிச்சுக் காட்டுங்க. கோவப்படப்பிடாது" என்றேன்.

"இதுவரைக்கும் ஆரும் எங்கிட்ட இத கேட்டதில்ல அம்மா" என்றார். கோபம் இல்லை, குரலில் ஒரு மரியாதை இருந்தது.

அடித்தவுடனே பார்க்காமல் காயட்டும் என்று சொல்லிவிட்டு எதிரே போய்ச் சாயா குடித்தோம். ஈர ஷீட்டுக்குத் தரம் சொல்லுகிற மடத்தனம் எனக்கு என்றைக்கும் கிடையாது. வந்து, மூன்றையும் கடைக்குள் சுவரில் சாய்த்துப் பார்த்தேன். வாசல் சுவரில் சாய்த்துப் பார்த்தேன். இந்தத் தடவை கையில் தூக்கவே இல்லை. ஒரே தாளிலும் மூன்றாவதுதான் நின்றது.

அவரிடம் காரணம் கேட்டேன். முதல் இரண்டு மெஷினும் சாம்பல் நிறத்தைக் கலர் மையைக் கலந்துதான் உண்டாக்கும், கலவை கொஞ்சம் பிசகினாலும் ஒரு நிறம் எட்டிப் பார்க்கும் என்றார். மூன்றாவதில் கறுப்போடு கூடச் சாம்பல் மை மட்டும் தனியாக இரண்டு உண்டாம். அதனால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஏறி இறங்கப் படி நிறைய இருக்கும். இன்னொன்றும் சொன்னார். வாரத்துக்கு ஒரு தடவையாவது எதையாவது அடிக்க வேண்டும், இல்லையென்றால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். ரப்பர் பால் வாளியைக் கழுவாமல் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த எனக்கு அதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மெஷினை ஆட்டோவில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டு வந்தோம். பிறகு மூன்று வாரம் எங்கள் வீட்டு நடு அறை முழுக்கப் படம் காய்ந்தது. பளபளப்புத் தாள் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சபை மண்டபத்தில் டியூப் லைட் வரிசையாக இருக்கிறது. பளபளப்பில் அது விழுந்தால் முகத்துக்குப் பதிலாக விளக்குத்தான் தெரியும். மருமகள் மங்கல் தாளே வாங்கினாள்.

அடித்த ஒவ்வொன்றையும் அவள் என்னிடம் கொண்டு வந்து சுவரில் சாய்த்து வைப்பாள். நான் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்ப்பேன். சரியென்றால் முதுகில் பென்சிலால் ஒன்று என்று போடுவேன். சரியில்லை என்றால் திருப்பி வைத்துவிடுவேன். ஒரு பெண்ணின் படத்தை ஐந்து தடவை திருப்பினேன். அவள் மூக்குத்தி இருந்த ஓட்டை தெரியவில்லை. மூக்குத்தியைக் கழற்றி விற்று மகளைப் படிக்க வைத்தவள் அவள். அந்த ஓட்டை தெரியத்தான் வேண்டும். ஆறாவது தடவை தெரிந்தது.

கடைசியில் என் படம் வந்தது. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மருமகள் பென்சிலை நீட்டினாள். நான் வாங்கவில்லை. தன் மூட்டைக்குத் தானே தரம் போட்டால் சந்தையில் யார் நம்புவார்கள்? சினேகிதியைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

அவள் வந்து வெகுநேரம் பார்த்தாள். நேரே நின்று, பக்கவாட்டில் நின்று, என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து என்று ஒன்று அறவே தெரியாது. படத்தைத் திருப்பி, பென்சிலை வாங்கி, முதுகில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள்.

"ஒண்ணுன்னா இப்பிடித்தானட்டி இருக்கும்?" என்றாள்.

பண்டிகை அன்று நான் வழக்கம்போல ஒரு ஷீட் கொண்டு போய் வைத்தேன். மண்டபச் சுவரில் பதினோரு முகமும் வரிசையாக இருந்தன. பெண்கள் ஒவ்வொருவரும் முதலில் மற்றவர்களின் படத்தைப் பார்ப்பதுபோல் நடந்து, கடைசியில் தங்கள் முகத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். யாரும் அடுப்புச் சட்டி என்று சொல்லவில்லை. சினேகிதி மட்டும் ஆராதனை முடிந்த நேரம் முதல் தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டுமாம்.

"இம்புட்டு அழகு ஒங்கிட்ட எங்க இருந்து வந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இங்கதான் இருந்துச்சு. இதுக்கு முன்ன ஆரு ஒழுங்கா அடிச்சா?" என்றாள் அவள்.

மருமகள் தூரத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் அவளிடம் எந்த ஸ்டூடியோவில் அடித்தது என்று கேட்டார்கள். "எங்க வீட்டுல. எங்க மாமி தரம் பாத்தது" என்றாள். நான் ஷீட்டைச் சரிசெய்கிறதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது என் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நாற்பது வருஷத்தில் எத்தனையோ கட்டுக்கு ஒன்று போட்டேன், அவற்றைப் பற்றி இன்றைக்கும் பெருமைதான். ஆனால் தூசி தட்ட அந்தப் படத்தை இறக்கும்போதெல்லாம் முதுகில் இருக்கிற அந்தக் கோட்டைத் தடவிப் பார்க்கிறேன், என் வாயால் தப்பு என்று சொன்ன பிறகு எனக்குக் கிடைத்த ஒன்றாம் தரம் அது.